அம்மைத் தழும்பும் கால எந்திரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். ஏழாம் வகுப்பு. ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்ததும், நாம் அந்தக் காலத்தில் திருச்சி வானொலி நிலையத்தின் நாடகத்துக்குக் காத்திருந்ததுபோல, அவன் கைபேசியில் ஓர் ஆங்கில ஒலி நாடகத்தைப் போட்டுவிடுவான். ஒரு காதில் அவனுக்கு, ஒரு காதில் எனக்கு. எனக்குப் புரியாத இடங்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கதை இதுதான்: கால எந்திரத்தில் ஏறிப் பழைய காலத்துக்குப் போகிறவர்கள், அங்கிருந்து ஒரு நோயைத் தங்களை அறியாமல் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இந்தக் கற்பனை புதிதல்ல. 'கால எந்திரம்' நாவலை ஹெச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதினார். அவரே 1898இல் எழுதிய 'உலகங்களின் போர்' கதையில், பூமியைப் பிடிக்க வந்த செவ்வாய்க்கிரகவாசிகள் பீரங்கிக்குச் சாகவில்லை. நம் ஊர்க் கிருமிகளைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி அவர்கள் உடம்பில் இல்லாததால் செத்தார்கள். அது 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் நாடகமாக வந்தபோது, உண்மைச் செய்தி என்று நம்பிப் பயந்தவர்களும் உண்டு. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரிலும் 1966இல் ஒரு கதை: எதிர்காலத்துக்குப் போன பெண்ணின் சாதாரணச் சளி, சளியையே மறந்துபோன அந்தக் கால மக்களுக்கு உயிர்க்கொல்லியாகிவிடுகிறது.

நாடகம் முடிந்ததும் பேரன் கேட்டான். "அப்பத்தா, நமக்கு டைம் மெஷின் கிடைச்சா எங்க போகலாம்? நான் 1799க்குப் போறேன். திருக்களம்பூர்க் காட்டுல கட்டபொம்மனைப் பாக்கணும்."

புதுக்கோட்டைப் பிள்ளைக்கு வரவேண்டிய ஆசைதான். (அந்தப் பழைய வாக்குவாதத்தைப் பின்னூட்டத்தில் தொடங்கிவிடாதீர்கள். அது வேறொரு நாளைக்கு.)

"நான் போயிட்டு வந்துருவேன். நீ வரக்கூடாது" என்றேன்.

"ஏன்?"

என் கையைக் காட்டினேன். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு, எட்டணா அளவில், இன்னும் பளபளவென்று இருக்கிறது. உடனே அவன் சட்டையைத் தூக்கி இடது தோளுக்குக் கீழே இருந்த சின்னத் தழும்பைக் காட்டினான். "எனக்குந்தான் இருக்கே!"

அது பி.சி.ஜி. காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடுவது. என் கையில் இருப்பது பெரியம்மைக்கு. இந்த இரண்டையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் அந்த ராத்திரி அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர்கள். இன்று 'அம்மை போட்டிருக்கு' என்றால் பெரும்பாலும் சின்னம்மை, சில சமயம் தட்டம்மை. பெரியம்மை இவை இரண்டும் அல்ல. தடுப்பூசி போடாதவர்களுக்கு வந்தால் பத்தில் மூன்று பேர் இறப்பார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் குழி. சிலருக்குக் கண் போய்விடும். அந்தக் காலத்தில் மருந்து கிடையாது.

பேரன் 1799இல் இறங்குகிறான் என்றே வைத்துக்கொள்வோம். விஜய ரகுநாத தொண்டைமான் காலம். அம்மை கண்ட குழந்தை இருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கிறான். அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. பெரியம்மைக் கிருமி உடம்புக்குள் போனபின் பெரும்பாலும் 10 முதல் 14 நாள்வரை எந்த அறிகுறியும் காட்டாது. அதற்குள் இவன் கட்டபொம்மனைப் பார்த்துவிட்டு, எந்திரத்தில் ஏறித் திரும்பி வந்து, பள்ளிக்கூடமும் போயிருப்பான். அப்புறம்தான் காய்ச்சல், பிறகு முத்து. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. நாடகத்தில் வந்த ஆபத்து இதுதான். இதில் கால எந்திரம் மட்டும்தான் கற்பனை.

எந்திரம் இல்லாமலேயே இது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. ஸ்பானியர்கள் கடல் கடந்து மெக்சிகோவுக்குப் போனபோது, 1520இல் பெரியம்மையும் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த மண் அதுவரை கண்டிராத நோய். வாளுக்குச் செத்தவர்களைவிட அம்மைக்குச் செத்தவர்கள் அதிகம்.

நம் ஊரில் அது பழகிய நோய். பழகியது என்றால் பயம் இல்லை என்று பொருளல்ல. அந்தப் பயம்தான் நார்த்தாமலையிலும் திருவப்பூரிலும் கொன்னையூரிலும் மாரியம்மன் சன்னிதியில் போய் நின்றது. நோய் என்று சொல்லமாட்டார்கள். 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். முத்துமாரி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏறும் மாதங்களில்தான் பெரியம்மை உச்சத்துக்குப் போகும். மாரியம்மன் திருவிழாக்களும் அந்த மாதங்களில்தான் வருகின்றன.

வாசலில் வேப்பிலை செருகுவது, வீட்டில் தாளிக்காமல் இருப்பது, வெளியார் உள்ளே வராமலும் வீட்டார் வெளியே போகாமலும் இருப்பது, இறங்கியபின் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது என்று எத்தனையோ முறைகள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வராது. வேப்பிலை செருகிய வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்த அன்றைக்கு இருந்த அறிவிப்புப் பலகை அதுதான். ஆனால் அது வந்த நோயை ஓரளவு அடக்கிவைக்கும் வழி. வராமல் தடுக்கும் வழி அல்ல.

வராமல் தடுக்கும் வழியை எட்வர்டு ஜென்னர் 1796 மே 14 அன்று இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்குச் செய்து பார்த்தார். பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து அவன் கையில் கீறி வைத்தார். பிறகு அவனுக்குப் பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் நோய் வரவில்லை. 1798இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஆக, பேரன் போக ஆசைப்பட்ட 1799இல் இங்கிலாந்தில் மருந்து இருக்கிறது, திருக்களம்பூரில் இல்லை.

அது இந்தியாவுக்கு வந்த கதைதான் எனக்கு எந்த அறிவியல் புனைகதையைவிடவும் பெரிது. கப்பலில் ஏற்றிய பசு அம்மை நீர் வெயிலில் கெட்டுப்போனது. அதனால் மனிதர்களையே பாத்திரமாக்கினார்கள். ஒரு குழந்தையின் கையில் குத்துவது, சுமார் எட்டு நாளில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவது, அதிலிருந்து அடுத்தது. வியன்னாவிலிருந்து கிளம்பிய மருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தினார்கள். இந்தியாவில் பிடித்த முதல் தடுப்பூசி அது. அந்தக் குழந்தையின் கையிலிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் போனது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்துவிட்டது. நடுவில் ஒரு கொப்புளம் பிடிக்காமல் போயிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

மருந்து வந்தால் போதுமா? கையை நீட்ட ஆள் வேண்டுமே. ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்றார்கள். வேற்றுச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்ததை என் பிள்ளைக்குக் குத்துவதா என்றார்கள்.

மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரைத் தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஒருத்தி சேலையை விலக்கி மேல்கையைச் சுட்டிக்காட்டி நிற்கிறாள். அம்மை குத்திக்கொண்டதை மக்களுக்குக் காட்டவே அந்தப் படம் வரையப்பட்டது என்று வரலாற்று ஆய்வாளர் ஒருவர் கருதுகிறார்.

சென்னையில் நடந்தது இன்னும் வேடிக்கை. திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்கக் காசுடன் நாம் சேர்த்து நினைக்கும் எல்லிஸ் துரை, பசு அம்மையைப் பற்றி ஒரு கதை எழுதினார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடல் அது. பசு அம்மை தேவியே தந்த வரம் என்பது சாரம். மக்களை நம்பவைக்க இப்படி ஒரு வழி. பிறகு 1819இல் ஒரு சென்னைப் பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசு அம்மை குத்தும் முறை பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்றது அது. அப்படி ஒரு பழைய நூல் இல்லை என்பதும், இதுவும் எல்லிஸின் வேலையாகவே இருக்கலாம் என்பதும் பின்னால் வந்த ஆய்வாளர்களின் முடிவு.

மனித அம்மைச் சீழையே எடுத்துக் கீறி வைக்கும் ஆபத்தான பழைய முறை வங்காளம் முதலிய இடங்களில் உண்மையாகவே இருந்தது. ஜென்னருக்கு முன்பே நடந்தது அது. ஆனால் பசு அம்மை வேறு. புதிய மருந்தை ஏட்டுச் சுவடியில் ஏற்றிப் பழைய காலத்துக்கு அனுப்பியதும் ஒருவகைக் காலப் பயணம்தான். எண்ணம் நல்லது, செய்தது பொய். 'இது எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தது' என்று அந்தப் பொய் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்யும் இருநூறு வருஷம் வாழும் என்பதை என் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் வீட்டுக் கதை.

என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, முகம் முழுக்க அம்மைக் குழி. இடது கண் தெரியாது. 1946 பங்குனியில் வந்தது. அப்போது நாம் சமஸ்தானம். அதற்கு முந்தின வருஷம் அம்மை குத்துபவர் ஊருக்கு வந்திருக்கிறார். குத்தினால் காய்ச்சல் வரும், ஆத்தா கோபிப்பாள் என்று என் தாத்தா, அத்தையையும் அத்தையின் நாலு வயதுத் தம்பியையும் நெற்குதிருக்குள் இறக்கி மூடிவைத்துவிட்டார். என் அப்பா அன்று தாய்மாமன் வீட்டில் இருந்தார். அங்கே பிடித்துக் குத்திவிட்டார்கள். அடுத்த பங்குனியில் தம்பி போய்ச் சேர்ந்தான். அத்தை பிழைத்தார். அப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை.

தாத்தா கெட்டவர் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் ஒளித்துவைத்தார். அதன்பிறகு அவர் அந்தக் குதிரில் நெல் கொட்டவே இல்லை என்று அத்தை சொல்வார்.

1966இல் எனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்துபவர் வந்திருக்கிறார் என்றதும் சுவரேறிக் குதித்து ஓடிவந்து வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னைத் தேடிப் பிடித்து, கதறக் கதறத் தரதரவென்று இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தியது அந்த அத்தைதான். சின்ன வட்டத் தகடு, அதில் முள் முள்ளாக இருக்கும். மருந்தைத் தடவி, தகட்டைத் தோலில் வைத்து ஒரு திருகு. மூன்றாம் நாள் சிவந்து, பிறகு கொப்புளம், காய்ச்சல், பொருக்கு. அத்தனை நாளும் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எனக்குக் குத்திய காலத்தில் நாடு முழுக்கப் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கைக்குக் கை மாற்றும் முறை எப்போதோ போய், கன்றுகளிடமிருந்து மருந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. அதற்காக 1899இல் தொடங்கியதுதான் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட். வெயிலில் கெடாத உறைஉலர் மருந்தும் பிறகு அங்கே தயாரானது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ஆர்.ராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பார்த்துக் கணக்கெடுத்தார். தடுப்பூசி போடாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். முன்பு எப்போதாவது போட்டிருந்தவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர். என் தாத்தாவுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

வடக்கே நோய் எளிதில் அடங்கவில்லை. 1974இல் மட்டும் நாட்டில் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு வந்தது. பீகார்தான் அதிகம் அடிபட்டது. எல்லோருக்கும் ஊசி போடுவது மட்டும் போதாது என்று, நோய் வந்த வீட்டைத் தேடிப் பிடித்து அதைச் சுற்றி இருப்பவர்களுக்கு உடனே குத்தும் முறைக்கு மாறினார்கள். அம்மை கண்ட குழந்தையின் படத்தைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, 'இப்படி யாரையாவது பார்த்தீர்களா?' என்று கேட்டு நடந்தார்கள். தகவல் சொன்னால் பரிசு. 1975இல் அது 1,000 ரூபாய் வரை போனது. அதே ஆண்டு மே 24 அன்று அசாம் மாநிலம் கரீம்கஞ்சில், வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கண்டதுதான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்தது, உலகில் இயற்கையாகப் பரவிய கடைசி நோய். அவர் பிழைத்துவிட்டார். 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, நோய் ஒழிந்தது என்று அறிவித்தது.

இந்த இடத்தில் பேரன் எழுந்து உட்கார்ந்தான். "அப்ப டைம் மெஷின்ல போனாத்தான் திரும்ப வரும். இல்லையா?"

இல்லை. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு பெண் பெரியம்மையால் இறந்தார். அவர் புகைப்படக் கலைஞர். அவர் வேலை பார்த்த கட்டடத்தில் கீழ்மாடி ஆய்வகம் ஒன்றில் கிருமியை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். முடிந்துபோன காலத்திலிருந்து நோய் மாடியேறி வந்தது. அதன்பிறகுதான் உலகெங்கும் ஆய்வகங்களில் இருந்ததை அழித்தும் திரட்டியும், கடைசியில் இரண்டே இடங்களில் வைத்தார்கள். ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா, இன்னொன்று ரஷ்யாவின் கோல்ட்சோவோ. இன்றும் அங்கே இருக்கிறது.

தடுப்பூசியை 1970களின் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வகுப்பறையில் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களின் தொடக்கத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அந்தத் தழும்பு இருந்தது. சில வருஷத்தில் பெரிய பிள்ளைகளிடம் மட்டும் என்றானது. பிறகு ஒரு வருஷம் பள்ளி முழுக்கத் தேடினாலும் ஆசிரியர்கள் கையில் மட்டும்தான் இருந்தது. நோய் போன தேதியை அந்தப் பிள்ளைகளின் கைகளில் படிக்கலாம்.

மறப்பதும் அங்கேதான் தொடங்குகிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி. முகாம் அன்று என் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். ஓர் அம்மா, "டீச்சர், எம் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் தாத்தாவின் கேள்வியும் அதுதான். நான் புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை. நெற்குதிரின் கதையைச் சொன்னேன். மறுநாள் அவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப உன் தழும்புதான் டிக்கெட்டா?" என்றான் பேரன்.

"பழைய டிக்கெட்டுடா. வருஷம் ஆக ஆக அதோட பலம் குறையும். புதுசாக் குத்திக்கிட்டுத்தான் நானும் ஏறணும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்பத்தா, 1799 வேணாம். 1945க்குப் போவோம். அந்த ஊசிக்காரர் வர்ற அன்னைக்கு. நான் குதிர் மூடியைத் திறந்து விட்டுர்றேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை இருந்திருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பார்.

நண்பர்களே, இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கையைக் காட்டச் சொல்லி அந்தத் தழும்பின் கதையைக் கேளுங்கள். கேட்டதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நம் மாவட்டத்தின் கதை சேரட்டும். அப்படியே பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

வணக்கம்.